மாணவர் வாசிக்காத கடிதம்

2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனது தங்கையின் மகள் ஒரு கோவையுடன் வீட்டுக்கு வந்தாள். இரசாயனவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை முடித்துவிட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் ஆயத்தங்களில் அவள் ஈடுபட்டிருந்தாள். "மாமா, சிபாரிசுக் கடிதத்தை நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் பார்த்துப்போட்டு சைன் வைக்கிறன் எண்டு சேர் சொல்லிப்போட்டார். மற்ற ரெண்டு பேரும் அப்பிடித்தான் சொல்லினம். இங்கிலீசிலை நீங்கள் நல்லா எழுதுவியள்தானே, மூண்டையும் ஒருக்கா எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். அதை ஒரு தவறான காரியமாக அவள் நினைக்கவில்லை. அவளுடைய வகுப்பில் பலரும் அவ்வாறுதான் செய்திருந்தார்கள்.

நான் மறுத்துவிட்டேன். அவளுக்கு மனத்தாங்கல். மறுத்ததற்கான காரணத்தை அன்று அவளிடம் முழுமையாகக் கூறவில்லை, இங்கே கூறுகிறேன். அதற்கு ஏழு வருடங்களுக்கு முன்னர், பௌதிகவியல் படித்த நண்பர் ஒருவரின் மகனுக்கு அதே உதவியை நான் செய்தேன். பல புனைபெயர்களில் எழுதிப் பழகிய பத்திரிகைக்காரனுக்கு மூன்று பேராசிரியர்களின் குரலில் மூன்று கடிதங்களை எழுதுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அந்தப் பையனின் ஆய்வைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. எனவே அவனது விடாமுயற்சி, ஒழுக்கம், நேரந்தவறாமை, தலைமைத்துவம் ஆகியவற்றைப் புகழ்ந்து மூன்று பக்கங்களை நிரப்பினேன். மூவரும் ஒரு சொல்லையேனும் மாற்றாமல் ஒப்பமிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தான். ஏழும் மறுத்துவிட்டன. எனது கடிதங்களே அதற்குக் காரணம் என்று கூறுவதற்கு என்னிடம் சான்று எதுவுமில்லை. ஆனால், அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் எனது பாடசாலை நண்பர் ஒருவரிடம் பின்னர் இதைக் கூறியபோது அவர் சிறிதுநேரம் பேசாமல் இருந்தார். மாணவர் ஆய்வுகூடத்தில் என்ன செய்தார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கடிதத்தை, சொல்வதற்கு எதுவுமில்லாத ஒருவரின் கடிதமாகவே தாங்கள் வாசிப்பதாகப் பிறகு சொன்னார்.

விண்ணப்பத்தை எவ்வாறு பலப்படுத்துவது என்று எங்கள் மாணவர்கள் கேட்கும்போது அவர்களுக்குக் கிடைக்கின்ற பதில்கள் பரீட்சைப் புள்ளிகளைப் பற்றியும் சான்றிதழ்களைப் பற்றியுமே இருக்கின்றன. இவற்றில் பயனுள்ளவையும் உண்டு. ஆனால், எங்கள் மாணவர்களின் கோவைகளில் மிகவும் பலவீனமாக இருப்பது அவர்கள் வாசிக்க அனுமதிக்கப்படாத ஆவணமான சிபாரிசுக் கடிதமே என்பது எனது கருத்து. அதைப் பலப்படுத்தும் பொறுப்பு மாணவர்களை விடவும் அவர்களது ஆசிரியர்களையே கூடுதலாகச் சார்ந்தது.

முதலில், இன்றும் பல பெற்றோர் அறியாத ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்டம் படிப்பதற்கு வீட்டை ஈடு வைக்கவேண்டியதில்லை. அனுமதி வழங்கும் பல்கலைக்கழகமே பெரும்பாலும் கற்கைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வாழ்க்கைச் செலவுக்கான கொடுப்பனவையும் தருகிறது. மாணவர் அதற்கு ஈடாகக் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ பணியாற்றுகிறார். இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் அக்கொடுப்பனவு ஆண்டுக்கு 25 ஆயிரம் டொலர் முதல் 45 ஆயிரம் டொலர் வரையில் இருப்பது வழமை. முதுமாணிப் பட்டம் இல்லாமலேயே நான்கு வருடப் பட்டத்துடன் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஐந்து அல்லது ஆறு வருடங்களில் படிப்பு முடியும். பணத்தைக் கட்டிப் படிக்கவேண்டியிருப்பது பெரும்பாலும் முதுமாணிக் கற்கைகளிலேயே. இந்த வேறுபாட்டை அறியாமல் கடன்பட்டவர்களையும், கடன்பட இயலாது என்று ஆசையைக் கைவிட்டவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன்.

ஒரு மாணவருக்கு ஐந்தாறு வருடங்கள் செலவு செய்யப்போகிறவர்கள் அவரை எவ்வாறு தெரிவு செய்வார்கள்? எங்கள் பிள்ளைகள் இசட் புள்ளியின் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர்கள். தசம தானத்தில் ஓர் இலக்கம் குறைந்ததால் மருத்துவ பீடத்தை இழந்த பிள்ளையைப் பார்த்து வளர்ந்தவர்கள். எனவே அமெரிக்காவிலும் ஏதோவொரு வெட்டுப்புள்ளி இருக்கிறது என்றே நம்புகிறார்கள். அங்கே தெரிவைச் செய்வது அந்தந்தத் துறையின் பேராசிரியர்கள் சிலர் கூடியிருக்கும் ஒரு குழு. அவர்கள் பார்க்க விரும்புவது, இந்த மாணவர் விடை தெரியாத ஒரு கேள்வியுடன் பல மாதங்கள் மல்லாடக்கூடியவரா என்பதை. பரீட்சைப் பெறுபேறு அதற்கு ஒரு துணைச் சான்று மாத்திரமே. செய்த ஆய்வும், அதைக் கண்ணால் கண்டவரின் வார்த்தையுமே முதற்சான்றுகள்.

கடந்த பத்து வருடங்களில் இந்த நிலைமை மேலும் இறுகியிருக்கிறது. ஒரு காலத்தில் ஜீ.ஆர்.ஈ. பரீட்சை இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. 2014 ஆம் ஆண்டில் கேசி மில்லர், கெய்வன் ஸ்டாசன் என்ற இரு விஞ்ஞானிகள் 'நேச்சர்' சஞ்சிகையில், அப்பரீட்சை பெண்களையும் சிறுபான்மையினரையும் வடிகட்டி விடுகிறது, ஆய்வில் யார் வெற்றி பெறுவார் என்பதைச் சரிவரக் காட்டுவதில்லை என்று வாதிட்டார்கள். அதன் பின்னர் உயிரியல், வானியல் துறைகள் பலவும், 2020 பெருந்தொற்றுக்குப் பின்னர் ஏனைய துறைகள் பலவும் அதைக் கட்டாயத்திலிருந்து நீக்கின. உயிரியல் பாடப் பரீட்சை 2021 உடனும் இரசாயனவியல் பாடப் பரீட்சை 2023 உடனும் நிறுத்தப்பட்டுவிட்டன. இருநூறு டொலருக்கு மேற்பட்ட கட்டணம் மிச்சம் என்று எங்கள் மாணவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால், யாரும் கேள்விப்படாத பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வரும் மாணவருக்கு அந்தப் பரீட்சை ஒரு சாட்சியாகவும் இருந்தது. அது விலகியபோது அதன் பாரமும் சிபாரிசுக் கடிதங்களின் மீது இறங்கியது. எனவே பௌதிகவியல் போன்ற துறைகளில் அப்பரீட்சை விருப்பத்துக்குரியது என்று குறிப்பிடப்பட்டிருக்குமானால், சிறிய பல்கலைக்கழகங்களின் திறமையான மாணவர்கள் அதை எழுதுவதே புத்திசாலித்தனம்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். வழமையாக மூன்று கடிதங்கள் கேட்கப்படுகின்றன. அமெரிக்காவின் 1974 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவர்களுக்குத் தங்களது கல்விப் பதிவுகளைப் பார்வையிடும் உரிமையை வழங்குகிறது. சிபாரிசுக் கடிதங்களைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு கட்டத்தில் அடையாளமிடுமாறு விண்ணப்பதாரியிடம் கேட்கப்படுகிறது. மாணவர் வாசிக்கமாட்டார் என்ற உறுதி இருந்தாலேயே ஆசிரியர் மனந்திறந்து எழுதுவார் என்பது அதன் நியாயம். எங்கள் மாணவர் அந்தக் கட்டத்தில் அடையாளமிடுகிறார். தானே எழுதிய கடிதத்தை வாசிக்கும் உரிமையைத் தான் விட்டுக்கொடுப்பதாக அவர் உறுதியளிக்கிறார். விஞ்ஞான ஆய்வு என்ற, நேர்மையையே அத்திவாரமாகக் கொண்ட ஒரு தொழிலுக்குள் இருபத்தைந்து வயதுப் பிள்ளையொன்று எடுத்துவைக்கும் முதலடி ஒரு பொய்யாக அமைகிறது. அதைச் செய்யச் சொல்பவர் அந்தப் பிள்ளையின் ஆசிரியர்.

நேர்மையை ஒரு புறம் வைத்துவிட்டுப் பயனை மாத்திரம் பார்த்தாலும் இது நட்டமான வியாபாரம். மாணவர் தன்னைப் பற்றி எழுதும்போது கிராம சேவகர் வழங்கும் நற்சான்றிதழின் மொழியே வருகிறது. நன்னடத்தையுள்ளவர், சுறுசுறுப்பானவர் என்று எழுதலாம். 'கடந்த பத்து வருடங்களில் நான் மேற்பார்வை செய்த நாற்பது மாணவர்களில் முதல் மூவரில் இவர் ஒருவர்' என்று மாணவரால் எழுத இயலுமா? 'எங்கள் துறையில் புள்ளிகள் இறுக்கமாகவே வழங்கப்படுகின்றன. இவரது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவை அந்த வகையில் பார்க்கவேண்டும்' என்று எழுத இயலுமா? தன்னுடைய குறைபாடு எது, அதை எவ்வாறு திருத்திக்கொண்டார் என்று எழுத இயலுமா? தெரிவுக் குழு தேடுகின்ற தகவல்கள் இவையே. இவை ஆசிரியரின் நினைவில் மாத்திரம் இருக்கின்றன. அவர் பேனாவை எடுக்காவிட்டால் அவை யாருக்கும் தெரியாமற் போய்விடும்.

மாணவர்களின் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. பெரிய பதவியில் இருப்பவரின் கடிதம் பெரிய கடிதம் என்று எண்ணிப் பீடாதிபதியையும் துறைத்தலைவரையும் தேடிச் செல்கிறார்கள். மண்டபத்தில் இருநூறு பேருக்கு விரிவுரை நிகழ்த்திய பேராசிரியருக்கு அந்த மாணவரின் முகம்கூட நினைவிருக்காது. இறுதி வருட ஆய்வில் மாலை ஆறு மணிவரை அருகில் நின்ற இளம் விரிவுரையாளரின் ஒரு பக்கம், பீடாதிபதியின் மூன்று பக்கங்களை விடவும் பெறுமதியானது.

எனது மருமகளின் கோவையில் இருந்த நோக்கக் கூற்றும் இதே நோயால் பீடிக்கப்பட்டிருந்தது. சிறுவயதிலிருந்தே விஞ்ஞானத்தின் மீது காதல் கொண்டிருந்ததாகத் தொடங்கி, அப்துல் கலாமின் கனவுகளைப் பற்றி இரண்டு பந்திகள் சென்றன. அவள் செய்த ஆய்வு ஒரே வரியில் அடங்கியிருந்தது. "நீ உண்மையிலை என்ன செய்தனி பிள்ளை?" என்று கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலையாக ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைகளுக்குள் இறங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது. தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் அதே வழியால் இறங்கிவிடுகிறது. குடிநீரில் அதன் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருபத்துநான்கு கிணறுகளில் மாரிக்கு முன்னரும் பின்னரும் நீரெடுத்து அவள் அளந்திருக்கிறாள். முதல் தடவை அளவிடும் கருவி பழுதடைந்து, மாதிரிகள் இரண்டு நாட்கள் வெயிற்காலத்து அறைச் சூட்டில் கிடந்துவிட்டன. அவை நம்பத்தகுந்தவையல்ல என்று தானே முடிவு செய்து அனைத்தையும் ஊற்றிவிட்டு, மீண்டும் சைக்கிளில் சென்று இருபத்துநான்கு கிணறுகளிலும் நீரெடுத்திருக்கிறாள்.

இந்தச் சம்பவத்தை விடவும் சிறந்த சிபாரிசு ஒரு விஞ்ஞான மாணவிக்குத் தேவையில்லை. ஆனால், அது அவளது கூற்றிலும் இல்லை, எந்தக் கடிதத்திலும் இருக்கப்போவதுமில்லை. பழுதடைந்த கருவியைப் பற்றி எழுதினால் தனது பல்கலைக்கழகத்தைக் குறைவாக நினைப்பார்கள் என்று அவள் பயந்திருந்தாள். எங்கள் மாணவர்கள் வெட்கப்பட்டு மறைப்பவற்றிலேயே அவர்களது பலம் பெரும்பாலும் இருக்கிறது. இதற்குப் பதிலாக, பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் சஞ்சிகைகளில் கட்டுரை போட்டு விண்ணப்பத்தை அலங்கரிக்கிறார்கள். அத்தகைய சஞ்சிகைகளைத் துறைசார்ந்தவர்கள் பெயரைப் பார்த்தே இனங்கண்டுகொள்வார்கள்.

பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையென்று வருந்துகிறார்கள். 1928 ஆம் ஆண்டில் ஜேர்மன் விஞ்ஞானி சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்ரமணியன் சந்திரசேகர் அவரைச் சென்று சந்தித்தார். தான் கற்றிருந்த குவாண்டம் கொள்கை காலாவதியாகிவிட்டது என்பதை அன்று அறிந்துகொண்டவர், சில மாதங்களில் புதிய முறையைக் கற்றுச் சொந்தமாக ஒரு கட்டுரையை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ப் பௌலருக்கு அனுப்பினார். பௌலரின் ஆய்வை ஏற்கெனவே வாசித்திருந்ததாலேயே அவரைத் தெரிவு செய்தார். கட்டுரை 1929 இல் லண்டன் ரோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. மறுவருடம் சந்திரசேகர் கேம்பிரிட்ஜுக்குச் சென்று பௌலரிடமே மாணவரானார். எல்லோரும் சந்திரசேகராக முடியாது என்பது உண்மையே. ஆனால், ஒருவரது கட்டுரையை வாசித்து அதில் எழுந்த ஒரு கேள்வியை எழுதி அனுப்புவதற்கு மேதையாக இருக்கத் தேவையில்லை. சில துறைகளில், குறிப்பாக முதல் வருடத்தில் பல ஆய்வுகூடங்களில் மாறி மாறிப் பணியாற்றச் செய்யும் உயிரியல் கற்கைகளில், தனி ஒரு பேராசிரியரின் விருப்பம் அனுமதியைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். உயிரியல் மருத்துவத் துறைகளில் மத்திய அரசின் பயிற்சி மானியங்கள் அமெரிக்கப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்குமே உரியவை. இதனால் வெளிநாட்டவருக்கான இடங்கள் அங்கே குறைவு.

இவ்வளவு அழுத்தமாக இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கதவு ஒடுங்கி வருகிறது. 2025 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஆய்வு நிதிகளை வெட்டத் தொடங்கியதும் பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி அந்த வருடம் மார்ச் மாதத்தில், ஏற்கெனவே வழங்கியிருந்த அனுமதிகளையே மீளப்பெற்றது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கலை, விஞ்ஞான பீடம் கலாநிதிக் கற்கைகளுக்கான அனுமதிகளைப் பெருமளவில் குறைப்பதாக ஒக்டோபரில் செய்திகள் வெளியாகின. மே மாத இறுதியிலிருந்து மூன்று வாரங்களுக்கு மாணவர் விசாவுக்கான புதிய நேர்முகங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மீண்டும் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கத்தக்கதாகத் திறந்துவைக்குமாறு நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆறு வருடங்கள் எடுக்கக்கூடிய ஒரு படிப்புக்கான தங்குமிட அனுமதியை நான்கு வருடங்களாக மட்டுப்படுத்தும் யோசனையும் ஓகஸ்டில் முன்வைக்கப்பட்டது. இடங்கள் குறையும்போது தெரிவுக் குழுக்கள் தமக்குத் தெரிந்த பல்கலைக்கழகங்களையும் நம்பிக்கைக்குரிய கடிதங்களையும் நாடுவது இயல்பு. அத்தகைய காலத்தில் வெறும் புகழ்ச்சிக் கடிதத்துடன் செல்பவரே முதலில் ஒதுக்கப்படுவார்.

விண்ணப்பிப்பதற்கான செலவும் சிறிதல்ல. ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 100 டொலர் வரை அறவிடும் பல்கலைக்கழகங்கள் பல. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எங்கள் ரூபா வீழ்ந்த பின்னர், எட்டு விண்ணப்பங்களின் செலவு இரண்டு இலட்சம் ரூபாவை எட்டுகிறது. கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் துறைகளும் உண்டு. பணத்தைக் கட்டுவதற்கு முன்னரே கேட்கவேண்டும். தாயின் காப்பை அடகு வைத்துச் செலுத்தப்படும் பணத்துடன், ஆசிரியர் எழுதாத ஒரு கடிதமும் செல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

விரிவுரையாளர்களின் சிரமத்தை நான் அறியாதவனல்ல. ஒரு மாணவருக்கு எட்டு இடங்கள் என்றால், ஐந்து மாணவர்களுக்கு நாற்பது தடவைகள் இணையத்தில் ஏறி இறங்கவேண்டும். அதற்கு மேலதிகக் கொடுப்பனவு கிடையாது. அவர்களில் பலருக்கும் அவர்களது ஆசிரியர்கள் 'நீரே எழுதிக்கொண்டு வாரும்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனவே மாணவர்கள் செய்யவேண்டியதும் உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில் முடிவுத் திகதிகள் தொடங்குகின்றன. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே ஆசிரியரைச் சந்தித்து, ஆய்வின் சுருக்கம், பெறுபேறுகள், ஆய்வுகூடத்தில் நடந்தவற்றை நினைவூட்டும் ஒரு பக்கக் குறிப்பு, திகதிகளின் பட்டியல் ஆகியவற்றைக் கையில் கொடுக்கவேண்டும். குறிப்பைக் கொடுப்பது நேர்மையான உதவி. கடிதத்தை எழுதிக் கொடுப்பது வேறு காரியம். துறைகளும் ஒரு முடிவுக்கு வரவேண்டும்: சிபாரிசுக் கடிதத்தை மாணவரிடம் எழுதச் சொல்வதில்லை, எழுத விருப்பமில்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. அமெரிக்காவில் ஆய்வு செய்து திரும்பிய விரிவுரையாளர் ஒருவர், அங்கே ஒரு நல்ல கடிதம் எவ்வாறு இருக்கும் என்பதைத் தனது சகபாடிகளுக்கு ஒரு பிற்பகலில் விளக்கிவிடலாம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் தமிழ் விஞ்ஞானிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஊர்ச் சங்கங்கள் கட்டடத்துக்குப் பணம் சேர்க்கின்றன, நல்லது. உங்களது ஒரு மணித்தியாலம் அதை விடவும் அருமையானது. ஒரு மாணவரின் நோக்கக் கூற்றை வாசித்து, 'இதில் நீ என்ன செய்தாய் என்பது எங்கே?' என்று கேளுங்கள். அதுவே போதும். படித்த பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிகாட்டுகிறீரே, இலவசக் கல்வியின் பயன் நாட்டுக்கு இல்லையா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் பல்கலைக்கழகங்களுக்கே கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். திரும்பி வருபவர்கள் சிலராக இருந்தாலும், அவர்களும் முதலில் போயாக வேண்டும்.

மருமகள் கோபம் தணிந்து, கிணறுகளின் ஆய்வை மேற்பார்வை செய்த இளம் விரிவுரையாளரிடம் சென்று விடயத்தைச் சொன்னாள். அவர் தானே எழுதுவதாக ஒப்புக்கொண்டு, ஒரு வார இறுதியை அதற்காகச் செலவிட்டார். ஏனைய இருவரில் ஒருவரும் குறிப்பைப் பெற்றுக்கொண்டு தானே எழுதினார். மூன்றாமவர் இறுதிவரை மாறவில்லை. அவரை விட்டு, செய்முறை வகுப்புகளில் அவளுடன் பணியாற்றிய இன்னொருவரைக் கேட்டாள். ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்து ஐந்தில் மறுக்கப்பட்டாள். ஆறாவது இடமான ஓர் அரச பல்கலைக்கழகம் கற்பித்தல் உதவியாளர் பணியுடன் அனுமதி வழங்கியது. இன்று அங்கே நிலத்தடி நீரையே ஆய்வு செய்துகொண்டிருக்கிறாள்.

அந்த விரிவுரையாளர் என்ன எழுதினார் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவுமில்லை என்கிறாள். அடுத்த விண்ணப்பக் காலத்தில் அவரைப் போன்று ஒவ்வொரு துறையிலும் ஒருவராவது பேனாவை எடுப்பார்களானால், எங்கள் பிள்ளைகள் சிலருக்கு நியாயம் கிடைக்கும்.